விழுங்கல் ஆபீஸ்

சான் எலாடியோவில் டாக்டரைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. வாரத்தில் ஒருநாள் வருவார்; மழை பெய்து செம்மண் ரோடு சேறாகிவிட்டால் அதுவும் இல்லை. ஆனால் அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஜனங்கள் ஒழுங்காக விழுங்குகிறார்களா என்று பார்க்க மட்டும் ஒரு முழு ஆபீஸ் இருந்தது. இரண்டு மாடி, வாசலில் கொடிக்கம்பம், உள்ளே ஏசி, மேசைக்கு மேசை ரப்பர் ஸ்டாம்ப். மாவட்டச் சிகிச்சைக் கீழ்ப்படிதல் அளவீட்டு இயக்ககம் என்பது அதன் முழுப்பெயர். அவ்வளவையும் சொல்லி முடிக்க யாருக்கு மூச்சு இருக்கிறது? ஊரில் எல்லாரும் விழுங்கல் ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.

அதன் இயக்குநர் டாக்டர் லேடெஸ்மா. டாக்டர் என்றதும் ஊசி போடுவார் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பராகுவேயில் வக்கீலுக்குப் படித்தவரையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். நாடி பிடிக்கத் தெரியாததை அவர் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. திறப்பு விழாவிலேயே போட்டு உடைத்தார்: "நோயாளி பிழைக்கிறாரா, போறாரா, அது ஆஸ்பத்திரி விவகாரம். விழுங்கினாரா இல்லையா, அதுதான் நம்ம விவகாரம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது." எல்லாரும் கைதட்டினார்கள். தெயோலிண்டாவும் தட்டினாள்.

தெயோலிண்டா பஸ் நிற்கும் இடத்தில் சீப்பா விற்பவள். மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட ரொட்டி அது. அவள் கூடையைத் திறந்தால் டிரைவர்கள் தானாக பிரேக் போடுவார்கள். மரியாதையாக எல்லாரும் ஞா தெயோலிண்டா என்பார்கள். ஒருநாள் பஸ் படியில் கால் வைத்தவள் கண் இருட்டி விழுந்தாள். வாரம் ஒருநாள் வரும் டாக்டர் பார்த்துவிட்டு, ரத்த அழுத்தம் தலைக்கு ஏறி நிற்கிறது, இந்த வெள்ளை மாத்திரையைத் தினம் ஒன்று உயிருள்ளவரை விழுங்கு என்று சொல்லிவிட்டார். மாத்திரை இலவசம். விழுங்குவதைக் கண்காணிக்கும் பொறுப்பு லேடெஸ்மாவின் ஆபீஸுக்குப் போனது.

அவள் ஒன்றும் அடங்காப்பிடாரி இல்லை. மாத்திரை வேண்டாம் என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் மருந்தைத் தன்னந்தனியாக, வெறும் தண்ணீரில், நின்ற வாக்கில் விழுங்குவது அவளுக்கு என்னவோ ஒளித்துவைத்துத் தின்பதுபோல் இருந்தது. எங்கள் பக்கம் மருந்து என்றால் சின்ன மர உரலில் இடிப்போம். இடித்ததைக் குளிர்ந்த தண்ணீர் ஜாடியில் போடுவோம். அந்தத் தண்ணீரைக் கொம்புக் குவளையில் இருக்கும் யெர்பா இலைமேல் ஊற்றி, ஒரே குழாயால் ஆள் மாற்றி ஆள் உறிஞ்சுவோம். இதுதான் தெரெரே. வயிற்றுக்கு ஒரு இலை, நீர்க்கடுப்புக்கு ஒரு வேர், தூக்கத்துக்கு ஒரு பூ; யாருக்கு நோயோ அவருக்காக இடிப்போம், வட்டமாக உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் குடிப்போம். அவளும் அதைத்தான் செய்தாள். புதினா, கோரைவேர், வெள்ளை மாத்திரை. நசுக்கி, ஜாடியில் கொட்டி, சுற்றுக்கு விட்டாள்.

அந்தச் சுற்றில் பக்கத்து வீட்டு பிளாசியா இருப்பாள். பாதிரியார் வருவார். முடிவெட்டுகிறவர், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வழிப்போக்கர், யார் வேண்டுமானாலும் வருவார்கள். தினமும் தவறாமல் வருபவர் நெமேசியோ. தெயோலிண்டாவின் மகளுக்கு ஞானத்தகப்பன். அதனால் அவள் அவரைக் கொம்பாய் என்பாள், அவர் அவளைக் கொமாய் என்பார். எங்களிடம் கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், கொம்பாயோடு போடக் கூடாது.

நெமேசியோ ஊர்ப் பந்தாட்டத்துக்கு நடுவர். சொந்த மகன் கோல் அடித்தபோது அது கோல் இல்லை என்று ஊதிய மனிதர். மகன் அதற்கப்புறம் என்கர்னசியோன் நகரத்துக்குக் குடிபோய்விட்டான்; காரணம் வேறு என்று இருவருமே சொல்வார்கள். போன வருஷம் அவருக்கும் இதே அழுத்தத்தால் வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை தொங்கிப்போனது. முதலில் கொடுத்த மாத்திரை இருமலாக இருமவைத்தது. அடுத்தது எழுந்து நின்றால் மயக்கம். மூன்றாவதாகத்தான் இந்த வெள்ளை மாத்திரை. அது கேட்டது. வாய் நேரானது, கை மேலே எழுந்தது, மைதானத்துக்கு விசிலோடு திரும்பி வந்தார். டாக்டர் சொன்னபடி வீட்டிலேயே தண்ணீரில் விழுங்கிவிட்டுத்தான் சுற்றுக்கு வருவார்.

"கொமாய், அத நீங்க ஒருத்தரே முழுங்கணும்னுதானே சொன்னாங்க" என்று ஒருமுறை மெதுவாகக் கேட்டார்.

"உங்களையெல்லாம் உக்கார வச்சுட்டு நான் மட்டும் முழுங்கறதா? நல்லா இருக்கு நியாயம்" என்று அவள் குவளையை நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அளவீடு வந்து சேர்ந்தது. ஒவேலார் என்ற இன்ஸ்பெக்டர், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கேள்விகளோடு வந்தார். வெயில் கொளுத்தியது. வந்தவருக்குக் குவளையை நீட்டாமல் இருக்க முடியுமா, நீட்டியதை அவர்தான் மறுக்க முடியுமா? குழாயை வாயில் வைத்துக்கொண்டே கேட்டார். மருந்தை மறந்ததுண்டா? இல்லை என்றாள், உண்மை. உடம்பு தேவலை என்று நிறுத்தியதுண்டா? இல்லை, அதுவும் உண்மை. கொடுத்த மாத்திரை முழுவதையும் நீங்களே சாப்பிட்டீர்களா?

தெயோலிண்டா அவர் கையிலிருந்த குவளையைப் பார்த்தாள். இன்றைய மாத்திரையில் ஒரு பங்கு அப்போதுதான் இன்ஸ்பெக்டரின் தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால் மனிதர் சங்கடப்படுவார். விருந்தாளியைச் சங்கடப்படுத்துவதா? "ஆமா" என்றாள். ஒவேலார் கடைசிச் சொட்டு களகளக்கும்வரை உறிஞ்சிவிட்டு நூற்றுக்கு நூறு என்று குறித்துக்கொண்டார்.

பெஞ்சில் அடுத்து உட்கார்ந்திருந்தவர் நெமேசியோ. மகன் வீட்டுக்குப் போனபோது மாத்திரையை எடுத்துப்போக மறந்துவிட்டேன், திரும்பி வரும்வரை சாப்பிடவில்லை என்றார். இன்னொரு நாள் இரண்டு தடவை போட்டுவிட்டேனோ என்று சந்தேகம் என்பதையும் கேட்காமலே சொன்னார். ஒவேலார் நல்ல மனிதர்தான். அப்படியெல்லாம் சொன்னால் மார்க் போய்விடும், யோசித்துச் சொல்லுங்கள் என்று குரலைத் தாழ்த்தினார். நடந்ததைத்தானே கேட்டீர்கள் என்றார் நெமேசியோ.

வாரக் கடைசியில் அட்டைகள் வந்தன. தெயோலிண்டாவுக்குப் பச்சை: கீழ்ப்படிபவர். நெமேசியோவுக்கு மஞ்சள்: கீழ்ப்படியாதவர். வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்கு மஞ்சள் அட்டை காட்டியவர், அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள்காரர்கள் சனிக்கிழமைதோறும் மனம் திருந்தும் வகுப்புக்குப் போக வேண்டும். அங்கே நெஞ்சில் கை வைத்து, நான் விழுங்குவேன், விழுங்கியதைச் சொல்வேன் என்று எல்லாரும் சேர்ந்து உறுதிமொழி எடுப்பார்கள். சனிக்கிழமை மாலை அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு அந்த வகுப்புக்கு நடந்துபோவதை தெயோலிண்டா கூடையோடு நின்று பார்த்தாள். அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்றைக்கு சீப்பாவில் உப்புப் போடாமல் விட்டுவிட்டாள்.

நாளைக்கே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். மறுநாள் மூடி வந்துவிட்டது.

மூடி என்றால் சாதாரண மூடி இல்லை. தலைநகரத்திலிருந்து லாரியில் வந்த மருந்துப் புட்டிகளின் மூடி. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கீக் என்று கத்தி, திறந்த நேரத்தைத் தனக்குள் பதிந்துகொள்ளும். மனிதன் பொய் சொல்வான், மூடி சொல்லாது என்று லேடெஸ்மா ஊர்ச் சதுக்கத்தில் மைக் வைத்துப் பேசினார். மூடியைத் திறந்துவிட்டு மாத்திரையை எடுக்காமலே மூடினால் என்ன ஆகும் என்று தெயோலிண்டா தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டாள். உண்மையில் அது கேள்வி இல்லை, வாய்வரை வந்த வாக்குமூலம். லேடெஸ்மா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அம்மா, இவ்வளவு விலை குடுத்து வாங்கின மூடியைத் திறந்துட்டு ஒருத்தர் ஏன் சாப்பிடாம விடப்போறார்? மனுஷங்க மேல கொஞ்சம் நம்பிக்கை வைங்க."

அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற ஊரே முனைந்தது. பிளாசியாவுக்கும் இதே மாத்திரைதான்; கசக்கிறது என்று கோழிகளுக்குக் கொட்டிவந்தவள், மூடியை மட்டும் மணி அடித்தாற்போல் திறந்து மூடினாள். முடிவெட்டுகிறவர் புட்டியில் பிளேடு போட்டுவைத்தார். வாடிக்கையாளர் வரும்போதெல்லாம் கீக், அவர் கீழ்ப்படிதல் மார்க் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. தையற்காரர் எவாரிஸ்டோ மழைக்காலத்தில் செத்துப்போனார். வீட்டில் ஒரு சத்தம் இருக்கட்டும் என்று அவர் மனைவி தினமும் அந்தப் புட்டியைத் திறந்து மூடினாள், பாவம். ஆபீஸிலிருந்து எவாரிஸ்டோவுக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. அவர் இறந்துவிட்டார் என்று யாரோ சொன்னதற்கு, உயிரோடு இருந்தபோது இவருக்கு இவ்வளவு ஒழுங்கு இல்லை, முன்னேற்றம் தெளிவாகத் தெரிகிறது என்று பதில் வந்தது.

நெமேசியோ மட்டும் இங்கேயும் கோட்டைவிட்டார். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது மறக்கக் கூடாது என்று பல நாள் மாத்திரையை ஒரே தடவையில் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒன்று விடாமல் சாப்பிட்டார். மூடி ஒரே ஒரு தடவைதான் கத்தியிருந்தது. மனம் திருந்தும் வகுப்பில் அவருக்கு முன்வரிசை கிடைத்தது.

தெயோலிண்டாவுக்கு ராத்திரி தூக்கம் போயிற்று. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம் என்று கோவிலுக்குப் போனாள். மாத்திரையைப் பங்கு வைத்துவிட்டு முழுதாகச் சாப்பிட்டதாகச் சொன்னேன் சுவாமி என்றாள். பாதிரியாரும் அந்தச் சுற்றில் குடித்தவர்தானே. பகிர்ந்து உண்பது பாவம் இல்லை மகளே என்று அவசரமாக மன்னித்து அனுப்பிவிட்டார். அந்த மன்னிப்பு அவளுக்கு ஒட்டவே இல்லை.

பட்ட காலிலே பட்டதுபோல அடுத்த இடி விழாவாக வந்தது. மாவட்டத்திலேயே முதலிடம் என்று அவளைக் கீழ்ப்படிதலின் தாயாக அறிவித்துவிட்டார்கள். யாழும் கிதாரும் வாசித்தார்கள். மூவர்ணப் பட்டையைத் தோளில் மாட்டி, மேடையில் உட்காரவைத்து, ஜனங்கள் முன்னால் அவள் ரத்த அழுத்தத்தை அளந்து பெரிய பலகையில் போட ஏற்பாடு. நர்ஸ் அவள் கையில் அழுத்தம் அளக்கும் துணியைச் சுற்றிப் பம்ப் அடித்தாள், காற்றை இறக்கினாள், திரும்ப அடித்தாள், லேடெஸ்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அளவு பஸ் படியில் விழுந்த நாளில் இருந்ததைவிட அதிகம். இருக்காதா? மாத்திரையில் அவளுக்குக் கிடைத்தது ஒரு வாய். போதாக்குறைக்குக் குற்றஉணர்ச்சி வேறு ஏற்றிவிட்டிருந்தது.

லேடெஸ்மா கொஞ்சமும் அசரவில்லை. மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, இந்தத் தாயின் கீழ்ப்படிதல் முழுமையானது. அழுத்தமோ இறங்கவில்லை. கீழ்ப்படிதலில் குறை இல்லை என்றால் குறை எங்கே? மாத்திரையில். இவ்வளவு விசுவாசமான மக்களுக்கு மாத்திரை துரோகம் செய்திருக்கிறது. இதை நான் சும்மா விடப்போவதில்லை."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கூட்டத்தில் ஓரமாக நின்ற நெமேசியோ தட்டவில்லை. கையைச் சட்டைப்பையில் விட்டு எதையோ தொட்டுப் பார்த்துக்கொண்டார். தெயோலிண்டா அதை மேடையிலிருந்து பார்த்தாள். அந்த மாத்திரை போனால் இந்த மனிதர் திரும்பவும் வாய் கோணி விழுவார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஆனாலும் ஆபீஸ் அவசரப்படும் ஆபீஸ் இல்லை. சந்தேகத்துக்கு இடமே இருக்கக் கூடாது என்று ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவு போட்டார்கள். தெரு முழுக்க ஊசி குத்தினார்கள். முடிவு வந்தபோது ஆபீஸில் இனிப்பு வழங்கியதாகக் கேள்வி. தெயோலிண்டாவின் ரத்தத்தில் மருந்து இருந்தது. பிளாசியாவின் ரத்தத்தில் இருந்தது. மாத்திரையே எழுதிக் கொடுக்காத பாதிரியாருக்கும், முடிவெட்டுகிறவரின் மாமியாருக்கும், அந்தப் பக்கம் ஓட்டும் பஸ் டிரைவர்களுக்கும் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த ஒவேலாரின் ரத்தத்திலும் இருந்தது. எவ்வளவு இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. படிவத்தில் இருந்தது, இல்லை என்று இரண்டு கட்டம்தான். மருந்து கொடுக்கப்பட்டவர்களைவிடச் சாப்பிட்டவர்கள் அதிகம் என்பதால் ஊரின் கீழ்ப்படிதல் நூற்றுக்கு நூறைத் தாண்டிவிட்டது என்று தலைநகரத்துக்குத் தந்தி போயிற்று. உலகத்தில் எங்கும் இல்லாத சாதனை என்று பதில் வந்தது.

இத்தனை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஊரில் யாருக்கும் அழுத்தம் இறங்கவில்லை. ஆக மாத்திரை உதவாக்கரை. மாவட்டம் முழுவதும் திரும்பப் பெறப்படும், மருந்துக்கடைகளிலும் விற்கக் கூடாது, வேறு மாத்திரை பற்றி ஆய்வுக்குப் பின் முடிவு செய்யப்படும். வெள்ளிக்கிழமை அறிவிப்பு ஒட்டினார்கள்.

தெயோலிண்டா அன்றைக்கு சீப்பா சுடவில்லை. நல்ல பாவாடையை உடுத்திக்கொண்டு விழுங்கல் ஆபீஸுக்குப் போனாள். கீழ்ப்படிதலின் தாய் வந்திருக்கிறாள் என்று எல்லாரும் எழுந்து நின்றார்கள். அதுவே அவளை இன்னும் குன்றவைத்தது. லேடெஸ்மா நாற்காலி போடச் சொன்னார். ஒவேலார் பக்கத்தில் ஃபைலோடு நின்றார்.

"டாக்டர், அந்த மாத்திரையை நான் ஒழுங்கா சாப்பிடல" என்றாள்.

"அப்படி இருக்க முடியாதும்மா. நீங்க நூத்துக்கு நூறு."

"பொய் சொல்லிட்டேன், டாக்டர்."

லேடெஸ்மா நிதானமாகப் பேனாவை மூடினார். "சரி, நீங்க பொய். மூடியுமா பொய் சொல்லுச்சு? புட்டியில மிச்ச மாத்திரைய எண்ணிப் பாத்தோமே, அதுவும் பொய்யா? உங்க ரத்தம்? அத்தனை சாட்சியும் ஒரு பக்கம் நிக்குது. நீங்க ஒரு ஆள் இந்தப் பக்கம். அதுலயும் பொய் சொல்றவன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. பொய் சொல்றவங்க பேச்சை ஆபீஸ் எப்படி எடுத்துக்கும்?"

அவள் உரலைச் சொன்னாள், ஜாடியைச் சொன்னாள், சுற்றைச் சொன்னாள். ஒரு மாத்திரையை ஒரு தெருவே குடித்தது என்றாள். இன்ஸ்பெக்டர் ஐயாவும்தானே குடித்தீர்கள், சொல்லுங்கள் என்று ஒவேலாரைப் பார்த்தாள். ஒவேலார் காது சிவந்துபோய், பணி நேரத்தில் தான் எதுவும் அருந்துவதில்லை என்று ஃபைலைப் பார்த்துச் சொன்னார். வீடு வீடாக உண்மை கேட்டுத் திரிந்தவர், தானும் ஒரு பொய்யைத் தொடங்கிவைத்தார். இது அந்த ஆபீஸில் தொற்றுநோய் மாதிரி.

"வேலை செய்யுது டாக்டர் அந்த மாத்திரை" என்று கெஞ்சினாள் அவள். "எங்க கொம்பாய் நெமேசியோவைப் பாருங்க. கை வராம கெடந்த மனுஷன். அதாலதான் எழுந்து ஓடறார். அவர் அழுத்தத்த அளந்து பாருங்களேன்."

"அளந்தாச்சு. நல்லாத்தான் இருக்கு. ஆனா அவர் மஞ்சள் அட்டை."

"அதனால?"

"கீழ்ப்படியாதவருக்குக் குணமானா அது கணக்குல வராதும்மா. வந்துச்சுன்னா ஒழுங்கா சாப்பிடறவங்க மனசு என்ன பாடுபடும்? அதையும் நாங்க யோசிக்கணுமில்ல?" சொல்லிவிட்டு, அவர் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். எழுதுவதைச் சத்தமாகவே வாசித்தார்: மருந்தைச் சாப்பிட்டதே மறந்துபோகிறது, சாப்பிடவில்லை என்று பிடிவாதம் பிடிக்கிறார், ஒரு தெருவே தன் மாத்திரையைக் குடித்ததாகப் பிதற்றல். "இதுவரைக்கும் பலன் இல்லைன்னு மட்டும்தான் நாங்க சொல்லியிருந்தோம். புத்தியையும் கலக்குதுன்னு இப்பத்தான் தெரியுது. சிலர் இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்னு தலைநகரத்துல இழுத்தடிச்சிட்டிருந்தாங்க. இனிமே வாயத் திறக்க மாட்டாங்க. நல்ல நேரத்துல வந்து சொன்னீங்கம்மா."

அவளை வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அடுத்த நாளே வண்டி வந்தது. வீடு வீடாக வெள்ளை மாத்திரையை வாங்கி மூட்டையில் போட்டார்கள். முதல் வீடு தெயோலிண்டாவுடையது, மரியாதைக்காக. அவள் புட்டியை அப்படியே கவிழ்த்துக் கொட்டிக்கொண்டார்கள், மூடியையும் கழற்றிக்கொண்டார்கள். ஒன்றையாவது எடுத்து ஒளிக்க அவள் கை போனது. ஒவேலார் பார்த்துக்கொண்டிருந்தார். கை திரும்பிவிட்டது. வண்டி நெமேசியோவின் வீட்டுப் பக்கம் திரும்புவதை ஜன்னல் வழியே பார்த்தாள். அவர் ஒளிக்க மாட்டார், கேட்டால் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். உட்கார்ந்து அழுதாள்.

மதியம் ஊர் படுத்துறங்கும் நேரத்தில் அவர் வீட்டுக்குப் போனாள். என்னால்தான், எல்லாம் என்னால்தான் என்று காலில் விழுந்தாவது சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். நெமேசியோ பின்கட்டில் மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். வழக்கமான வாங்க கொமாய் இல்லை. அவர்தான் தலை குனிந்திருந்தார்.

"உங்க முகத்துல முழிக்கவே வெக்கமா இருக்கு" என்றார். "ஒவேலார் வந்து மிச்சம் இருக்கான்னு கேட்டாரு. இல்லன்னுட்டேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவர் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். உள்ளே ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தில் மாத்திரைகள்.

"இந்த வயசுல பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு. அந்த ஆளு நம்பிட்டுப் போறாரு, அதான் இன்னும் கஷ்டமா இருக்கு. நெமேசியோ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டுப் போனாரு."

தெயோலிண்டா அழுகையை அடக்கிக்கொண்டு தான் வந்த விஷயத்தைக் கொட்டினாள். அன்றைக்கு ஆமாம் என்று சொன்னதை, நூறு வாங்கியதை, அந்த நூறால்தான் மாத்திரைக்குப் பழி வந்ததை, சொல்லப் போய் அதையும் கெடுத்ததை, ஒன்று விடாமல் சொன்னாள். உங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவள் நான்தான் கொம்பாய், திட்டுங்கள், அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

அவர் அவசரமில்லாமல் கேட்டு முடித்தார்.

"அன்னிக்கு நீங்க ஆமான்னப்ப நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்" என்றார். "எனக்குத் தெரியாதா? பெத்த மகன் மேல ஊதின ஆளு. கொமாயாச்சேன்னு வாய மூடிட்டு இருந்துட்டேன். நீங்க மட்டும் எப்படித் தப்பாவீங்க."

உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீரும் சின்னக் கத்தியும் எடுத்துவந்தார். பொட்டலத்திலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, நாற்காலிக் கைமேல் வைத்து, கத்தியை அழுத்தி நேர்பாதியாக வெட்டினார். ஒரு பாதியை அவளிடம் நீட்டினார்.

"ஐயோ, வேணாம் கொம்பாய். அது உங்க உயிரு."

"உங்களுக்கு அழுத்தம் என்ன விட ஜாஸ்தி. மேடைல அளந்தப்ப நான் பாத்துட்டுதான் நின்னேன். இத உரல்ல போடாதீங்க. யாருக்கும் குடுக்காதீங்க. முழுங்குங்க."

மறுத்துப் பார்த்தாள். நீட்டிய கை இறங்கவில்லை. வலது கை, போன வருஷம் தொங்கிக் கிடந்த கை. இன்னும் எத்தனை நாள் இப்படி நீட்ட முடியும் என்று நினைத்தாள். வாங்கி நாக்கில் வைத்தாள். கசந்தது. தண்ணீரைக் குடித்து விழுங்கினாள்.

நெமேசியோ தன் பாதியைப் போட்டுக்கொண்டு, பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துவிடுங்கள் என்றார். மிச்சம் எத்தனை இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.